பிராட்வேயின் இரவு வங்கி

நியூயார்க் நகரம், பிராட்வே. 49ஆம் தெருவை ஒட்டினாற்போல் லிண்டிஸ் உணவகம். 1920களின் நடுவில் ஓர் இரவு. நாடகங்கள் முடிந்து கூட்டம் உள்ளே வந்தபடி இருக்கிறது. நடிகர்கள், பாட்டுக் கட்டுகிறவர்கள், பத்திரிகைக்காரர்கள், குத்துச்சண்டை வீரர்களை வைத்துப் பிழைப்பவர்கள், ரேஸ் புக்கிகள். ஒருவர் பேசி முடிக்குமுன் இன்னொருவர் ஆரம்பிக்கிறார். பரிமாறுகிறவர் சீஸ்கேக் தட்டோடு நாற்காலிகளுக்கு நடுவே ஒருக்களித்து நுழைகிறார். அத்தனை இரைச்சலிலும் ஒரு மேசை மட்டும் தணிந்த குரலில் நடக்கிறது.

அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு நாற்பதைத் தாண்டிய வயது. நடுத்தர உயரம். பகலில் தூங்கி இரவில் விழிக்கிறவரின் முகம், வெயில் படாத வெளுப்பு. கண்கள் பேசுகிறவரை ஒருமுறை பார்க்கும், வாசலுக்குப் போகும், மறுபடி திரும்பும். உடுப்பு நல்ல தையல்காரரின் வேலை. ஆனாலும் பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்க்கும்படி அதில் எதுவும் இல்லை. தெரியாதவர் பார்த்தால் கூட்டம் குறைந்த பிறகு வந்து சாப்பிடும் பல் மருத்துவர் என்று நினைப்பார். முன்னால் ஒரு கிளாஸ் பால். மதுவிலக்கு அமலில் இருக்க, ஊரே திருட்டுத்தனமாகக் குடித்துக்கொண்டிருக்கும் காலம் இது. அந்தக் குடிக்கு முதல் போட்டவர்களில் ஒருவரான இவர் சாராயம் தொடுவதில்லை, புகைப்பதும் இல்லை.

பெயர் ஆர்னால்ட் ராத்ஸ்டைன். தெரிந்தவர்களுக்கு ஏ.ஆர். பிராட்வேக்கு 'மூளை'.

கல்லாவுக்குப் பக்கத்தில் தொலைபேசி அடிக்கிறது. அவருக்குத்தான். அவர் இந்தக் கடைக்குப் பங்காளி இல்லை. ஆனாலும் அவரைத் தேடுகிறவர்கள் இந்த எண்ணுக்குத்தான் அழைக்கிறார்கள். போய்க் கேட்கிறார், இரண்டு வார்த்தை சொல்கிறார், திரும்பி வந்து உட்கார்கிறார். ஒரு மனிதர் வாசலில் தயங்கி நின்று, அவர் தலையசைத்ததும் மேசைக்கு வந்து குனிகிறார். ஏ.ஆர். பையிலிருந்து நோட்டுக் கட்டை எடுக்கிறார். பெரிய நோட்டுகள் வெளிப்பக்கம். ஒரு லட்சம் டாலர் வரை கையிலேயே வைத்திருப்பார் என்பது பிராட்வேயின் பேச்சு. எண்ணிக் கொடுத்துவிட்டுச் சின்னக் கறுப்புப் புத்தகத்தில் ஒரு வரி எழுதிக்கொள்கிறார். வந்தவர் போகிறார். கை குலுக்கல் இல்லை, நலம் விசாரிப்பு இல்லை. எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது.

இப்படி எத்தனையோ பேர். நாடகம் போட முதல் தேடுகிறவர், ரேஸில் தோற்று வாடகைக்கு வழியில்லாதவர், தம்பியை ஜாமீனில் எடுக்க ஓடி வந்தவர். கொடுக்கும்போது காட்டாத சுறுசுறுப்பு வாங்கும்போது அவரிடம் தெரியும். லட்சங்களைப் புரட்டுகிறவர், யாரோ தர வேண்டிய சில நூறு டாலருக்காக நள்ளிரவுக் குளிரில் தெருமுனையில் நிற்பார். பாக்கிக்காரர் அந்த வழியாகத்தான் வீட்டுக்குப் போவார் என்று அவருக்குத் தெரியும். தொகை அவருக்குப் பொருட்டில்லை. ஒருவன் ஏமாற்றிவிட்டான் என்ற செய்தி காலைக்குள் பிராட்வே முழுவதும் பரவுமே, அதுதான் பொருட்டு. அந்த மேசையில் கொடுத்த கடன்களுக்குப் பெரும்பாலும் பத்திரம் கிடையாது. பத்திரம் இருந்தாலும் அதை எந்த நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக முடியும்?

இந்த மனிதரின் தொழில் இன்னதென்று சுருக்கமாகச் சொல்ல வேண்டுமானால் சூதாட்டம் என்பார்கள். பார்க்கப் பார்க்க, அது பாதி உண்மைதான் என்று படுகிறது.

1882 ஜனவரி 17 அன்று மன்ஹாட்டனில் வசதியான யூதக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை ஆப்ரஹாம் ராத்ஸ்டைன் துணி வியாபாரி. சொன்ன சொல் மாறாதவர் என்பதால் 'நேர்மையாளர் ஏப்' என்று ஊரில் பெயர். துணித் தொழிலில் முதலாளிகளும் தொழிலாளிகளும் முட்டிக்கொண்டால் இரண்டு பக்கமும் நம்பிக் கூப்பிடுவது அவரைத்தான். மூத்த மகன் ஹாரி யூத மதகுருவாக, அதாவது ரபியாக, படிக்கப் போனான். இளையவன் ஆர்னால்டுக்குக் கணக்கு மட்டும் வந்தது. பதினாறு வயதில் பள்ளியை விட்டான். தந்தை ஓய்வு நாளுக்காக வெள்ளிக்கிழமை மாலை தங்கக் கடிகாரத்தைக் கழற்றி இழுப்பறையில் வைப்பாராம். பையன் அதை எடுத்துக்கொண்டு போய் அடகு வைத்து, அந்தப் பணத்தில் ஆடி, வட்டிக்கு விட்டு, சனிக்கிழமை பொழுது சாய்வதற்குள் மீட்டு அதே இடத்தில் வைத்துவிடுவானாம். பிராட்வே இந்தக் கதையைச் சிரித்துக்கொண்டே சொல்லும். ஆனால் பிற்காலத்து ஏ.ஆர். முழுவதும் இதற்குள் இருக்கிறார்: அடுத்தவர் முதல், தன்னுடைய கணக்கு, குறித்த நேரத்தில் மீட்பு.

1909இல் கரோலின் கிரீன் என்ற நாடக நடிகையைச் சாரட்டோகாவில் மணந்தார். அவள் முழு யூதப் பெண் அல்ல. மகன் செத்துவிட்டான் என்று தந்தை இறந்தோருக்கான பிரார்த்தனையைச் சொன்னதாகச் சொல்வார்கள். அதே ஆண்டு நவம்பரில், பேஸ்பால் பயிற்சியாளர் ஜான் மெக்ராவின் பில்லியர்ட்ஸ் கூடத்தில், பிலடெல்பியாவிலிருந்து வந்த ஜாக் கான்வேயுடன் மேசையில் மோதினார். ஒரு வியாழக்கிழமை மாலை ஆரம்பித்த ஆட்டம் சனிக்கிழமை விடியும் வரை, முப்பது மணி நேரத்துக்கு மேல் ஓடியது. முதலில் தோற்றவர் நிறுத்தவில்லை. எதிராளியின் கை தளரும் வரை காத்திருந்து ஜெயித்தார். அன்றைக்குத்தான் பிராட்வே அவர் பெயரை மனதில் வைத்துக்கொண்டது. பிறகு 46ஆம் தெருவில் சொந்தச் சூதாட்ட விடுதி. டாமனி ஹால் அரசியல் பிரமுகர் பிக் டிம் சல்லிவனின் ஆதரவு மேலே குடையாக இருந்தது. நகரத்தை ஆட்டிவைத்த ஜனநாயகக் கட்சி அமைப்பு டாமனி ஹால். எந்தக் கதவைப் போலீஸ் தட்டலாம், எதைத் தட்டக்கூடாது என்பது அங்கேதான் தீர்மானமாகும்.

சூதாட்ட விடுதி நடத்துகிறவருக்கு அதிர்ஷ்டத்தில் நம்பிக்கை குறைந்துவிடும். ஏ.ஆருக்கு அறவே போய்விட்டது. அவர் பந்தயம் கட்டும் முறையைக் கவனித்தால் தெரியும். 1921 ஆகஸ்டில் சாரட்டோகா ரேஸ் மைதானத்தில் டிராவர்ஸ் பந்தயம். அவருடைய லாயத்துக் குதிரை ஸ்போர்ட்டிங் பிளட். ஊர் நம்பியது ப்ரூடரி என்ற பெட்டையை. அது சரியாகத் தீனி எடுக்கவில்லை என்ற சேதி அவருக்கு முன்கூட்டியே வந்திருந்தது. கடைசி நேரத்தில் கிரே லாக் என்ற பலமான குதிரையின் பெயரும் பட்டியலில் ஏறியது. ஸ்போர்ட்டிங் பிளட்டை இனி யார் சீந்துவார்கள்? அதன்மேல் கிடைக்கும் விகிதம் ஒன்றுக்கு மூன்றுவரை ஏறியது. அவருடைய ஆட்கள் நாலா பக்கமும் நின்று சத்தமில்லாமல் ஒன்றரை லட்சம் டாலர் கட்டினார்கள். பந்தயம் தொடங்குவதற்குச் சற்று முன் கிரே லாக் விலக்கப்பட்டது. ஸ்போர்ட்டிங் பிளட் ஜெயித்தது. வந்த லாபம் 4,50,000 டாலர் என்று கணக்குச் சொல்வார்கள். அந்த விலகலுக்கு யாரும் விளக்கம் கேட்கவில்லை.

1919 உலகத் தொடர் பேஸ்பால் விவகாரத்திலும் அவர் நின்ற இடம் இதே மாதிரிதான். சிகாகோ ஒயிட் சாக்ஸ் வீரர்கள் பணம் வாங்கிக்கொண்டு சின்சினாட்டியிடம் தோற்றார்கள். பேரம் பேசியவர்களில் முன்னாள் குத்துச்சண்டைச் சாம்பியன் ஏப் அட்டெல் ஒருவர். அட்டெல் யாருடைய ஆள் என்று எல்லோருக்கும் தெரியும். 1920இல் சிகாகோ கிராண்ட் ஜூரி விசாரித்தது. ஏ.ஆர். தாமாகவே போனார், இந்த யோசனையோடு தன்னிடம் வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டதாகச் சொன்னார், திரும்பி வந்தார். குற்றச்சாட்டுப் பட்டியலில் அவர் பெயர் ஏறவில்லை. வீரர்களின் வாக்குமூலக் காகிதங்கள் அதற்குள் கோப்பிலிருந்து காணாமல் போயிருந்தன. 1921இல் வீரர்கள் விடுதலையானார்கள். ஆனாலும் எட்டு வீரர்களுக்கு ஆயுள் முழுவதும் மைதானம் மூடப்பட்டது. முதல் போட்டது அவர்தான் என்று எந்த நீதிமன்றத்திலும் நிரூபிக்கப்படவில்லை. தோற்கப்போவது யார் என்று தெரிந்த பிறகு பந்தயம் கட்டுவதற்கு ஒருவர் சதியில் சேர வேண்டிய அவசியமும் இல்லை.

இப்படிப்பட்டவரின் 38ஆவது பிறந்தநாளில், 1920 ஜனவரி 17 அன்று, அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு அமலுக்கு வந்தது.

சட்டம் குடிப்பதைத் தடுக்கவில்லை. காய்ச்சுவதையும் விற்பதையும் கொண்டுபோவதையும் தடுத்தது. வாங்குகிறவர்கள் அப்படியே இருந்தார்கள், விற்பதற்கு ஆள் வேண்டியிருந்தது. தெருச் சண்டைக்காரர்கள் கிளம்பினார்கள். அவர்களிடம் துப்பாக்கி இருந்தது, துணிச்சல் இருந்தது, முதல் இல்லை. ஒரு கப்பல் விஸ்கி என்பது என்ன? ஸ்காட்லாந்துக்காரனுக்கு முன்பணம், கப்பல் வாடகை, மாலுமிகளின் கூலி, கரையிலிருந்து கிடங்குக்கு லாரிகள், வழியெல்லாம் மாமூல். இத்தனையும் கொடுத்து முடித்து, கடைசிப் புட்டி விற்று முதல் கைக்கு வர வாரக்கணக்காகும். இந்த வியாபாரத்துக்கு எந்த வங்கி மேலாளர் கடன் கொடுப்பார்? கொடுத்தவன் ஏமாந்தால் யாரிடம் முறையிடுவான்? திடீரென்று நாட்டின் பெரிய தொழில்களில் ஒன்று சட்டத்துக்கு வெளியே நின்றது. அதற்கு ஒரு வங்கி தேவைப்பட்டது. லிண்டிஸ் மேசையில் பால் குடிப்பவரை விட்டால் வேறு யாரிடம் போவார்கள்?

அப்படிப் போன முதல் ஆட்கள் வாக்ஸி கோர்டனும் டெட்ராய்ட்டிலிருந்து வந்த மாக்ஸி கிரீன்பெர்க்கும். சென்ட்ரல் பார்க் பெஞ்சில் சந்திப்பு நடந்ததாகச் சொல்வார்கள். கனடாவிலிருந்து விஸ்கி கடத்த 1,75,000 டாலர் கேட்டார்கள். ஏ.ஆர். உடனே பதில் சொல்லவில்லை. மறுமுறை வந்தபோது கணக்கையே மாற்றினார்: கனடா வேண்டாம், பிரிட்டனிலிருந்தே நேராக வாங்கலாம், வாங்குவது நான், நீங்கள் எனக்கு வேலை செய்யுங்கள். கிரீன்பெர்க்கின் சொத்துகள் ஈடாக எழுதப்பட்டன. அவர் பெயரில் ஆயுள் காப்பீடும் எடுக்கப்பட்டது. அந்தக் காப்பீட்டை விற்றதும் ஏ.ஆரின் நிறுவனம்தான். கடன் வாங்கியவன் சுடப்பட்டு இறந்தாலும் முதல் திரும்பிவிடும். உயிரோடு இருந்தால் வட்டியும் பிரீமியமும் வரும். பிடிபட்டால் ஜாமீன் பத்திரம் எழுதித் தருவதும் அவர் கடைதான். ஆபத்து அத்தனையும் இன்னொருவருடையது. அவருடைய வருமானம் மட்டும் எப்பக்கம் திரும்பினாலும் ஒன்றே.

சில கப்பல்களுக்குப் பிறகு அவர் நேரடி இறக்குமதியிலிருந்து மெல்ல விலகிக்கொண்டார். கப்பலைக் கடலோரக் காவல் பார்க்கும், லாரியைத் திருடர்கள் மறிப்பார்கள். கடனை யார் மறிக்க முடியும்? அதன்பின் மேசைக்கு வந்தவர்கள் இளைஞர்கள். மெயர் லான்ஸ்கி, லக்கி லூசியானோ, பிராங்க் காஸ்டெல்லோ. மெய்க்காவலுக்கு நின்றவன் லெக்ஸ் டைமண்ட். கத்திப் பேசாமல் இருப்பது, கண்ணைப் பறிக்காத கோட்டு அணிவது, யூதனா இத்தாலியனா என்று பாராமல் கூட்டுச் சேர்வது, அரசியல்வாதிக்குப் பணத்தைக் கூச்சப்படாமல் நீட்டுவது. இவையெல்லாம் இந்த மேசையில் பாடம். லூசியானோ உடுத்தக் கற்றதே இவரிடம்தான் என்பார்கள்.

1926இல் ஒரு வேடிக்கை நடந்தது. நியூயார்க் துணித் தொழிலில் நீண்ட வேலைநிறுத்தம். முதலாளிகள் லெக்ஸ் டைமண்டின் ஆட்களை அமர்த்தினார்கள், தொழிற்சங்கம் லிட்டில் ஆகியின் ஆட்களை. தடியடி தாங்க முடியாமல் சமரசம் தேடியவர்கள் வழக்கம்போல் நேர்மையாளர் ஏபிடம் போனார்கள். இது தன் கைக்கு அடங்காது, மகனால்தான் முடியும் என்று அவர் வழிகாட்டியதாகச் சொல்வார்கள். மகன் தொலைபேசியை எடுத்தார். இரண்டு பக்கத்து அடியாட்களும் விலகிக்கொண்டார்கள். இரண்டு பக்கத்துக்கும் அவர் சொல் எட்டும். தந்தை பகலில் செய்த அதே வேலையை மகன் இரவில் செய்துவந்தார். தந்தையை நம்பியதால் வந்தார்கள். மகனிடம் வேறு வழியில்லாததால் வந்தார்கள்.

பிறகு அந்த முகத்தில் ஒரு மாற்றம். 1920களின் கடைசியில் லிண்டிஸில் அவரைப் பார்ப்பவர்கள் கண் சிவந்திருப்பதைக் கவனித்திருப்பார்கள். போதைப்பொருள் வியாபாரத்தில் பெரும்பணம் முடங்கிக் கிடந்தது. குவீன்ஸ் பகுதியில் நிலம் வாங்கி, விலையை ஏற்றிக் காட்ட ஆளில்லாத வீடுகளை வரிசையாக எழுப்பியிருந்தார். ஏற வேண்டிய விலை ஏறவில்லை. கரோலின் விவாகரத்துக்குத் தயாராக இருந்தாள். கையில் ரொக்கம் இறுகியது. தர வேண்டியவர்களிடம் நாளைக்கு என்று சொல்ல ஆரம்பித்தார். பிராட்வேயில் அந்தச் சொல்லை அதுவரை அவர் கேட்டுத்தான் பழக்கம்.

1928 செப்டம்பரில் ஒரு போக்கர் ஆட்டம். ஆட்டத்தைக் கூட்டியவர் ஜார்ஜ் மக்மேனஸ். மேற்குக் கரையிலிருந்து நேட் ரேமண்ட் வந்திருந்தார். சூதாடி டைட்டானிக் தாம்ப்சனும் உட்கார்ந்தார். இரவைத் தாண்டியும் ஆட்டம் நீண்டது. எழுந்தபோது ஏ.ஆர். தோற்றிருந்த தொகை மூன்று லட்சம் டாலருக்கு மேல். கையெழுத்துப் போட்ட துண்டுச் சீட்டுகளைக் கொடுத்துவிட்டு நடந்தார். ஒரு வாரம் போயிற்று. ஒரு மாதம் போயிற்று. பிறகு ஆட்டத்தில் தில்லுமுல்லு நடந்தது, தர மாட்டேன் என்றார். நடந்திருக்கலாம். ஆனால் அவருடைய உலகத்தில் அது வாதமே இல்லை. பத்திரமில்லாமல் இத்தனை லட்சங்களை அவர் திருப்பி வாங்கியது, சொன்னால் கொடுக்க வேண்டும் என்ற ஒரே விதியின் மேல். அந்த விதியை மீறிய பெரிய மனிதர் இப்போது அவரே.

நவம்பர் 4, ஞாயிறு. இரவு பத்து மணி தாண்டி லிண்டிஸில் தொலைபேசி அடித்தது. கேட்டுவிட்டு வந்தார். மக்மேனஸ் பார்க்க வேண்டும் என்கிறான் என்று சொல்லித் தன் துப்பாக்கியை நண்பரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். ஏழாவது அவென்யூவில் பார்க் சென்ட்ரல் ஓட்டல், அறை எண் 349. அரை மணி நேரத்துக்குப் பிறகு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓட்டலின் பணியாளர் வாசல் பக்கம் வந்தவரை ஊழியர்கள் பார்த்தார்கள். பாலிகிளினிக் மருத்துவமனையில் போலீஸ் கேட்டது. சுட்டவர் பெயரை அவர் சொல்லவில்லை. அறையில் மக்மேனஸின் மேல்கோட்டு கிடைத்தது, தெருவில் துப்பாக்கி கிடைத்தது. 1929 கடைசியில் நடந்த விசாரணையில் ஆதாரம் போதாது என்று மக்மேனஸ் விடுவிக்கப்பட்டார். அந்தக் கொலைக்கு யாரும் தண்டனை அடையவில்லை.

ஏ.ஆர். இறந்தது நவம்பர் 6, அதிபர் தேர்தல் நாள். ஹூவர் ஜெயிப்பார் என்று பெரும்பணம் கட்டியிருந்தார். ஹூவர் ஜெயித்தார். உயிரோடு இருந்திருந்தால் ஐந்து லட்சம் டாலருக்கு மேல் வந்திருக்கும், போக்கர் பாக்கியைத் தீர்த்து மிச்சமும் இருந்திருக்கும். ஆனால் பந்தயம் கட்டியவர் இறந்தால் பந்தயம் செல்லாது. நாற்பத்தாறு வயதில், வைதிக யூத முறைப்படி, குவீன்ஸில் அடக்கம் செய்தார்கள். மகன் இறந்துவிட்டான் என்று என்றோ அறிவித்ததாகச் சொல்லப்படும் தந்தை இன்னும் உயிரோடு இருந்தார்.

இருபது ஆண்டுகளாக அவரிடம் வாங்கியவர்கள் மறுநாள் முதல் தூங்கவில்லை. அவர் விட்டுப்போன காகிதங்களில் யார் பெயர் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? போலீஸ் கமிஷனர் பதவி இழந்தார். காகிதங்களைப் பிடித்துக்கொண்டு போன அதிகாரிகள் பெரும் போதைப்பொருள் சரக்குகளைக் கைப்பற்றினார்கள். ஆல்பர்ட் விட்டாலே என்ற மாஜிஸ்திரேட் ஏ.ஆரிடம் ஏறக்குறைய 20,000 டாலர் கடன் வாங்கியிருந்தது 1929 மேயர் தேர்தலில் போட்டியிட்ட லகார்டியா கையில் ஆயுதமானது. விட்டாலே பதவி நீக்கப்பட்டார். நீதிமன்றங்களில் தொடங்கிய சாமுவேல் சீபரியின் விசாரணை நகர மன்றம் வரை போயிற்று. 1932இல் மேயர் ஜிம்மி வாக்கர் ராஜினாமா செய்தார். உயிரோடு இருந்தவரை அந்த மேசையை ஒருவரும் தொடவில்லை. நாற்காலி காலியான பிறகுதான் நகரம் அதைத் திறந்து பார்த்தது.

கோடிக்கணக்கில் இருக்கும் என்று எதிர்பார்த்த சொத்து, கணக்கெடுத்தபோது கடனுக்கே போதவில்லை. குவீன்ஸ் நிலம் வரி பாக்கியில் நகராட்சிக்குப் போய், ஜூனிபர் வேலி என்ற பூங்காவானது. தர வேண்டியவர்கள் யாரும் தேடி வந்து தரவில்லை. தெருமுனையில் நின்று கேட்க ஆள் இல்லை என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. அவர் நடத்திய வங்கியின் முழுக் கையிருப்பும் அவர் உடம்போடு நடமாடிக்கொண்டிருந்தது.

இதை அவருடைய மாணவர்கள் கவனித்திருக்க வேண்டும். 1931இல் லூசியானோ குற்றக் குடும்பங்களுக்கு ஒரு குழுவை ஏற்படுத்தினார். தலைவர்கள் சேர்ந்து உட்கார்ந்து தகராறைத் தீர்ப்பார்கள். ஒருவர் போனால் அவர் நாற்காலியில் இன்னொருவர் உட்காருவார். 1933 டிசம்பரில் மதுவிலக்கு நீங்கி விஸ்கி கடைக்குத் திரும்பியது. அவர்கள் கலங்கவில்லை. குருவின் பழைய தொழிலுக்கே போனார்கள். லான்ஸ்கி சாரட்டோகாவிலும் புளோரிடாவிலும் பிறகு ஹவானாவிலும் சூதாட்ட விடுதிகளில் பங்கு போட்டார். ஒவ்வொரு விடுதியிலும் பலருக்குப் பங்கு இருந்தது. தனி ஒருவர் புத்தகத்தை நம்பி எதுவும் நடக்கவில்லை.